பழைய எம்.ஜி. பி எஞ்சினில் திடீரென்று அரைக்கும் சத்தம்: காரணத்தைத் தேடும் ஒழுங்கு

அரைக்கும் சத்தம் என்று நான் இங்கே குறிப்பிடுவது, காய்ந்த மிளகாயை அம்மியில் இழுக்கும்போது எழுவதைப் போன்ற இடைவிடாத கரகரப்பை. வால்வுகளை அழுத்தும் ரொக்கர் தட்டும் ஓசையும் பெல்ட் கீச்சிடும் ஓசையும் இதில் சேரா. தட்டும் ஓசை விட்டுவிட்டு வரும். அரைக்கும் சத்தம் தொடர்ந்து வரும். அது, சுழலும் ஏதோ ஒன்று உராயக் கூடாத இடத்தில் உராய்கிறது என்பதற்கு அடையாளம்.

இந்தக் குறிப்பு 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின் உள்ள எம்.ஜி. பி காரை வைத்து எழுதப்பட்டது. எம்.ஜி. மிட்ஜெட், ட்ரையம்ப் ஸ்பிட்பயர் வைத்திருப்பவர்களும் இதே ஒழுங்கைப் பின்பற்றலாம். அளவுகளை மட்டும் அந்தந்த வாகனத்தின் கைநூலில் பார்த்துக்கொள்ள வேண்டும். புதியவர்கள் இடறுவது பெரும்பாலும் வேலை தெரியாமையால் அல்ல, வேலையின் வரிசை மாறிப்போவதால். கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிட்டு, முதலில் பார்க்க வேண்டியதைப் பாராமலே விட்டுவிடுகிறார்கள்.

1. எஞ்சினை உடனே அணைத்தல்

சத்தம் கேட்டதும் ஒரு கணம் ஒயில் அமுக்க மானியைப் பாருங்கள்; உடனே கியரை நியூட்ரலில் போட்டு, சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்து, வண்டியை ஓரத்துக்கு உருளவிடுங்கள். அந்த ஒரு கணப் பார்வை பிறகு பெரிதும் உதவும், ஏனென்றால் சத்தம் எழுந்த நேரத்தில் அமுக்கம் எவ்வளவு இருந்தது என்பதை வேறு எந்தச் சோதனையாலும் மீட்டெடுக்க முடியாது.

கல்முனையிலிருந்து ஏ4 வீதியால் வரும்போது களுவாஞ்சிக்குடியைத் தாண்டியதும் சத்தம் தொடங்கினால், மெதுவாக ஓட்டிக்கொண்டு மட்டக்களப்பின் கல்லடி வரை போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் எவருக்கும் தோன்றும். கிராங்குக்கும் (பிஸ்டன்கள் சுற்றும் முதன்மைத் தண்டு) அதைத் தாங்கும் பெயாரிங்குக்கும் இடையில் இருப்பது மிக மெல்லிய ஒயில் படலம் மட்டுமே. அது அறுந்த பிறகு இருபது கிலோமீட்டர் ஓடினால், பெயாரிங் சோடி மாற்றுவதோடு முடிந்திருக்கக்கூடிய வேலை கிராங்கை லேத் பட்டறைக்கு அனுப்பும் வேலையாகிவிடும். வேகத்தைக் குறைத்தால் சேதம் குறையும் என்பதும் சரியன்று, ஏனென்றால் சுற்று குறையும்போது ஒயில் அமுக்கமும் சேர்ந்து குறைகிறது. கட்டி இழுத்துக்கொண்டு வாருங்கள், நியூட்ரலில் இழுங்கள்.

2. கையில் இருக்க வேண்டியவை

அரை அங்குலத் தடிப்புள்ள, ஒரு கை நீளமான மரக்கோல் அல்லது நீண்ட ஸ்குரூ டிரைவர், ஒரு மீட்டர் நீள இறப்பர் குழாய், ஏ.எப். அளவு (அங்குல அளவு) ஸ்பனர்கள், பிளக் ஸ்பனர், பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), நல்ல ரோச், ஒரு காந்தம், சிறிய பொலித்தீன் பைகள், உள்ளே வெள்ளையாக இருக்கும் அகன்ற பேசின். முடிந்தால் நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் ஒன்றை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். மில்லிமீட்டர் ஸ்பனரை எம்.ஜி. நட்டில் மாட்டினால் முதல் தடவை பிடித்துக்கொள்ளும், இரண்டாம் தடவை மூலைகளை உருட்டிவிடும்.

உதவிக்கு ஒருவர் கட்டாயம் வேண்டும். கிளச்சை மிதிப்பதும் முன்புறப் புல்லியைப் பார்ப்பதும் ஒரே ஆளால் ஆகாத வேலைகள்.

உடை பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. வீட்டு முற்றத்தில் வேலை செய்யும்போது நம்மில் பலர் சாரத்தோடுதான் நிற்போம். ஓடும் எஞ்சினின் விசிறிக்கு முன்னால் சாரமும் தொங்கும் சேட்டும் ஆகா. காற்சட்டை போட்டுக்கொண்டு, கைக்கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.

பற்றரி இணைப்பை எடுப்பதாக இருந்தால் எந்த முனை பூமியிணைப்பு என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்யுங்கள். 1967 வரை வந்த வண்டிகளில் நேர்முனைதான் உடலோடு இணைந்திருந்தது, பிறகு வந்தவற்றில் எதிர்முனை. பழைய வண்டிகளில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பற்றரிகள் தொடராக இணைந்திருக்கும். ஆனால் இங்கே ஓடும் வண்டிகளில் யாராவது ஒருவர் எப்போதோ ஒன்றை மாற்றியிருப்பார், அதனால் ஆண்டை மட்டும் நம்ப வேண்டாம்.

3. சத்தம் எப்போது வந்தது என்று எழுதிக்கொள்ளுதல்

ஸ்பனரைத் தொடுமுன் ஒரு தாளில் எழுதுங்கள். எஞ்சின் சூடாக இருந்ததா, குளிராக இருந்ததா? கால் கிளச்சில் இருந்ததா? கியர் விழுந்திருந்ததா? வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடினாலும் சத்தம் இருந்ததா? எஞ்சின் சுற்று ஏறும்போது சத்தமும் ஏறியதா, அல்லது வண்டியின் வேகத்தோடு ஏறியதா?

கடைசிக் கேள்வி மிக முக்கியமானது. எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருண்டபோதும் சத்தம் தொடர்ந்திருந்தால், தேட வேண்டிய இடம் எஞ்சின் அல்ல. சில்லுப் பெயாரிங்கோ, பின் அச்சோ, பிரேக் தட்டுக்கும் அதன் காப்புத் தகட்டுக்கும் இடையில் சிக்கிய சிறு கல்லோ காரணமாக இருக்கலாம். நாவலடிப் பக்கம் மணல் ஒழுங்கையில் ஓட்டிவிட்டு வந்தவர்கள் இந்தக் கல்லை முதலில் தேடுவது நல்லது.

அண்மையில் என்ன நடந்தது என்பதையும் எழுதுங்கள். ஒயில் மாற்றினீர்களா, பெல்ட்டை இறுக்கினீர்களா, மாரி வெள்ளத்தில் வண்டியை இறக்கினீர்களா, மாதக்கணக்கில் நிறுத்தி வைத்திருந்தீர்களா? கடலும் வாவியும் இருபுறமும் இருக்கும் ஊரில், ஓடாமல் நிற்கும் வண்டியின் டைனமோவும் ஸ்டாட்டரும் ஓடும் வண்டியினுடையதைவிட விரைவில் கெடும்.

4. எஞ்சின் அணைந்திருக்கும்போதே செய்யும் பரிசோதனை

இந்தப் படியைத் தாண்டிப் போய்த்தான் மிகுதியானவர்கள் நட்டப்படுகிறார்கள். சத்தத்தைக் கேட்டால்தானே கண்டுபிடிக்கலாம் என்று நினைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்துவிடுகிறார்கள். அணைந்த எஞ்சினே பாதி விடையைச் சொல்லிவிடும்.

முதலில் டிப் ஸ்டிக்கை இழுத்து ஒயில் மட்டத்தைப் பாருங்கள். மட்டம் கீழ்க் கோட்டுக்கும் கீழே இருந்தால், ஒயில் கூலருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் பில்டரின் அடியையும் ரோச் அடித்துப் பாருங்கள். ஒயில் குறைவாக இருந்தது என்பதற்காக, ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டாம். 5ஆம் படி வரை பொறுங்கள்.

அடுத்து விசிறி. ஆரம்ப வண்டிகளில் விசிறி தகரத்தாலானது, வோட்டர் பம்பின் புல்லியிலேயே பூட்டப்பட்டிருக்கும். எஞ்சினைத் தாங்கும் இறப்பர்கள் ஒயிலில் ஊறி இற்றுப்போனால் எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்து, விசிறியின் நுனி எதையாவது தொடத் தொடங்கும். ரேடியேட்டரின் பின்புறத்தில் வட்டமாகப் பளபளக்கும் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் தேடல் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

பிறகு நான்கு பிளக்குகளையும் கழற்றி, கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பனரை மாட்டி, எஞ்சினை அது ஓடும் திசையிலேயே, அதாவது முன்னால் நின்று பார்க்கையில் கடிகார முள் சுற்றும் திசையில், கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிளக்கைக் கழற்றச் சொல்வது, சிலிண்டரில் காற்று அழுந்தாமல் இருந்தால்தான் கைக்கு உண்மையான உணர்வு தெரியும் என்பதற்காக. இரண்டு முழுச் சுற்று சுற்றினால் எல்லாப் பாகங்களும் ஒரு வட்டத்தை முடித்துவிடும். எங்காவது இறுகிப் பிடிக்கிறதா, மணல் அரைபடுவதுபோல் கைக்குத் தெரிகிறதா என்று கவனியுங்கள். புல்லியையும் உற்றுப் பாருங்கள்: நடுப்பகுதிக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் இறப்பர் உள்ள புல்லியாக இருந்தால், இறப்பர் விட்டுப்போய் வெளி வளையம் பின்னால் நகர்ந்து, எஞ்சினின் முன்புறச் செயினை மறைக்கும் டைமிங் மூடியில் உராய்வதும் உண்டு.

இனித்தான் இந்தப் படியின் முக்கியமான சோதனை. எனக்கு இந்த வேலையைக் காட்டித் தந்த முதிய மெக்கானிக், யார் வந்து சத்தம் என்று முறையிட்டாலும் பொனட்டைத் திறக்குமுன் கேட்டது ஒன்றுதான்: “கிளச்ச மிதிச்சுப் பாத்தயா மனே?” அவர் கேட்டது ஓடும் எஞ்சினைப் பற்றி மட்டும் அல்ல என்பது எனக்கு வெகு காலம் கழித்தே புரிந்தது.

எஞ்சின் அணைந்திருக்கட்டும். உதவியாளர் கிளச்சை முழுதாக மிதித்து விடட்டும், மீண்டும் மிதிக்கட்டும். நீங்கள் கிராங்க் புல்லியின் விளிம்பையும் அதன் பின்னால் உள்ள டைமிங் மூடியையும் ஒரே பார்வையில் பாருங்கள். கிளச்சை மிதிக்கும்போது பிளைவீல் (கிராங்கின் பின் முனையில் பூட்டிய கனமான சில்லு) வழியாகக் கிராங்க் முழுவதும் முன்னோக்கித் தள்ளப்படுகிறது; அந்தத் தள்ளலைத் தாங்குபவை நடு மெயின் பெயாரிங்கின் இரு பக்கமும் உள்ள பிறைவடிவத் திரஸ்ட் வாஷர்கள். நல்ல நிலையில் இந்த எஞ்சினின் கிராங்க் முன்பின்னாக நகரும் தூரம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்குதான். அது கண்ணுக்குத் தென்படாது. புல்லி முன்னும் பின்னும் போய்வருவது உங்களுக்குப் பளிச்சென்று தெரிந்தால் வாஷர் தேய்ந்துவிட்டது, அல்லது விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு விநாடிகூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம், ஏனென்றால் கிராங்கின் உருக்கு நேராகப் புளொக்கின் வார்ப்பிரும்பில் உராய்ந்தால் புளொக்கே வீணாகிவிடும். நேராக 9ஆம் படிக்குப் போங்கள். சந்தேகமாக இருந்தால் டயல் கேஜை வைத்து அளந்து, அளவை எழுதிக்கொள்ளுங்கள். ட்ரையம்ப் ஸ்பிட்பயர் வைத்திருப்பவர்கள் இந்தச் சோதனையை இருமுறை செய்யுங்கள். வாஷர் கழன்று, எஞ்சினின் அடியிலுள்ள ஒயில் தொட்டியான சம்புக்குள் விழுவது அந்த எஞ்சினின் பெயர்போன குறை.

5. இருபது விநாடி ஓட்டம்: ஒயில் அமுக்கம்

ஒயில் மட்டம் சரி, கையால் சுற்றியபோது தடையில்லை, புல்லி முன்பின் ஆடவில்லை என்றால் மட்டுமே பிளக்குகளைப் பூட்டி ஸ்டார்ட் செய்யலாம். கண் மானியில் இருக்கட்டும். சத்தத்தைக் கேட்பது இரண்டாவது வேலை.

சூடேறிய எம்.ஜி. பி எஞ்சின் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 50 முதல் 80 இறாத்தல் வரையும், ஐட்லிங்கில் 10 முதல் 25 இறாத்தல் வரையும் காட்டுவது இயல்பு. குளிர்ந்த எஞ்சினில் இன்னும் கூடுதலாகக் காட்டும். முள் எழாமல் கிடந்தாலோ, எழுந்து சரிந்தாலோ உடனே அணையுங்கள். மானி பிழையாக இருக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் அதைப் பரிசோதிப்பதற்கு எஞ்சினை ஓடவிட்டுப் பார்ப்பது வழியல்ல. வேறொரு மானியை இரவல் வாங்கிப் பூட்டிப் பாருங்கள்.

அமுக்கம் குறைவு, சத்தமும் ஆழமாக அடியிலிருந்து வருகிறது என்றால் 6, 7, 8ஆம் படிகளை விட்டுவிட்டு ஒயிலை வடிக்கும் படிக்குப் போங்கள். அமுக்கம் சரியாக இருந்தால் மூச்சு விடலாம். குற்றவாளி எஞ்சினுக்கு வெளியே இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

6. ஓடும் எஞ்சினில் கிளச் சோதனை

கியர் நியூட்ரலில், கைப்பிரேக் இழுத்தபடி, ஐட்லிங்கில் கிளச்சை மெதுவாக மிதியுங்கள். சத்தம் எந்தக் கட்டத்தில் தொடங்குகிறது, எந்தக் கட்டத்தில் மறைகிறது என்பதே விடை.

மிதிக்கத் தொடங்கியதுமே அரைக்கும் சத்தம் எழுந்து, காலை எடுத்ததும் நின்றால், ரிலீஸ் பெயாரிங்கை (மிதிக்கும்போது கிளச்சை அழுத்தி விலக்கும் பாகம்) சந்தேகிக்கலாம். எம்.ஜி. பி-யில் இருப்பது குண்டுகள் உள்ள பெயாரிங் அல்ல, இரும்புக் கிண்ணத்தில் பதித்த கார்பன் வளையம். கார்பன் தேயும் வரை சத்தம் எதுவும் இராது. முழுதாகத் தேய்ந்த நாளில் கிண்ணத்தின் இரும்பு விளிம்பு கிளச்சின் சுழலும் தட்டைத் தொடும். நேற்று வரை ஒன்றுமில்லை, இன்று திடீரென்று கரகரக்கிறது என்று பலர் சொல்வது இதனால்தான். கல்முனைச் சந்தை நெரிசலில் கியரைப் போட்டபடி கிளச்சை மிதித்துக்கொண்டு காத்திருக்கும் பழக்கம் இந்தக் கார்பனைத் தின்றுவிடும்.

இதற்கு நேர்மாறாக, கால் எடுத்திருக்கும்போது சத்தம் இருந்து, மிதித்ததும் மறைந்தால், அது கியர் பொக்ஸின் முன் பெயாரிங். கிளச் விலகியதும் கியர் பொக்ஸின் உள்ளே வரும் தண்டு நின்றுவிடுவதால் சத்தமும் நிற்கிறது. கியர் பொக்ஸ் ஒயில் மட்டத்தை உடனே பாருங்கள்.

முழுதாக மிதித்து, கியரும் போட்டு நிற்கும்போது மட்டும் சத்தம் வந்தால் கிராங்கின் பின் முனையில் உள்ள சிறிய புஷ்ஷைச் சந்தேகிக்கலாம்.

இங்கேதான் 4ஆம் படியின் சோதனை கைகொடுக்கிறது. திரஸ்ட் வாஷர் போனாலும் கிளச்சை மிதிக்கும்போதுதான் சத்தம் எழும். ரிலீஸ் பெயாரிங் போனாலும் அப்படியே. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கலாம். புல்லி ஆடவில்லை என்பதை முன்பே பார்த்துவிட்டதால்தான் இப்போது நம்மால் பிரித்துச் சொல்ல முடிகிறது. வரிசையை மாற்றிச் செய்தவர்கள், வாஷர் விழுந்த எஞ்சினைக் கிளச்சை மிதித்து மிதித்துச் சோதித்து, சோதனையாலேயே புளொக்கைக் கெடுத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

எம்.ஜி. பி-யில் ரிலீஸ் பெயாரிங்கை மாற்ற எஞ்சினை வெளியே தூக்க வேண்டும். எனவே இந்தச் சோதனையை மூன்று தடவை செய்து, மூன்று தடவையும் ஒரே விடை வந்தால் மட்டும் அந்த முடிவுக்குப் போங்கள். தூக்கியபின் கிளச் தட்டு, கிராங்கின் பின்முனைப் புஷ், ஒயில் சீல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். ஒரு சின்னப் புஷ்ஷுக்காக இன்னொரு முறை எஞ்சினைத் தூக்குவது யாருக்கும் மகிழ்ச்சி தராது.

7. பெல்ட்டைக் கழற்றி ஓட்டிப் பார்த்தல்

கிளச்சால் சத்தம் மாறவில்லை என்றால் எஞ்சினை அணைத்து, டைனமோவின் பூட்டாணிகளைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றுங்கள். குளிர்ந்த எஞ்சினை அரை நிமிடம் மட்டும் ஓடவிடுங்கள். வோட்டர் பம்ப் சுற்றாததால் தண்ணீர் ஓடாது, ஆகவே ஒரு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம்.

சத்தம் நின்றுவிட்டதா? அப்படியானால் டைனமோ அல்லது வோட்டர் பம்ப். எஞ்சினை அணைத்துவிட்டு இரண்டின் புல்லிகளையும் தனித்தனியே கையால் சுற்றுங்கள், மேலும் கீழுமாக ஆட்டுங்கள். வோட்டர் பம்பின் மூக்குக்கு அடியில் சிறு துளை ஒன்று உண்டு. அதிலிருந்து தண்ணீர் கசிந்த துருக்கோடு தெரிந்தால் பம்பின் சீல் போய், தண்ணீர் பெயாரிங்குக்குள் இறங்கியிருக்கிறது.

டைனமோவில் முன்பக்கம் குண்டுப் பெயாரிங்கும் பின்பக்கம் வெண்கலப் புஷ்ஷும் இருக்கின்றன. பின் மூடியின் நடுவில் ஒயில் விடுவதற்கென்று ஒரு துளை உண்டு. சேர்விஸின்போது அதில் சில துளி எஞ்சின் ஒயில் விட வேண்டும். அந்தத் துளை இருப்பதே பலருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாதுதான். எனது காரில் முதன்முதலாக இந்தச் சத்தம் எழுந்தபோது, ஒரு கராஜில் கொண்டுபோய் விட்டேன். அவர்கள் மெயின் பெயாரிங் என்று தீர்மானித்து, சம்பைக் கழற்றி, மூன்று கிழமை வண்டியைத் திறந்தபடி போட்டுவிட்டார்கள். கச்சான் காற்றில் முற்றத்து மணல் முழுவதும் பறந்த காலம் அது. பெயாரிங்குகளில் ஒரு கீறலும் இருக்கவில்லை. கடைசியில், காய்ந்துபோன டைனமோப் புஷ்தான் காரணம். பெல்ட்டைக் கழற்றும் பத்து நிமிட வேலையை யாரும் செய்து பார்க்கவில்லை, நான் உட்பட.

பெல்ட்டை மீண்டும் பூட்டும்போது அதன் நீண்ட பகுதியின் நடுவை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். கூடுதலாக இறுக்கினால் நீங்கள் இப்போது மாற்றிய பெயாரிங்கே அடுத்ததாகக் கெடும்.

8. கோல் வைத்துக் கேட்டல், ஸ்டாட்டர், டைமிங் செயின்

பெல்ட் இல்லாமலும் சத்தம் தொடர்கிறதென்றால் மரக்கோலின் ஒரு முனையைக் காதோரம் வைத்து, மறு முனையை எஞ்சினின் ஒவ்வோர் இடத்திலும் ஊன்றிக் கேளுங்கள். விசிறிப் பக்கம் கோலைக் கொண்டுபோகாதீர்கள். இரும்பு முழுவதும் ஒன்றாக இணைந்திருப்பதால் சத்தம் எல்லா இடத்திலும் கேட்கும். எங்கே கேட்கிறது என்பதைவிட எங்கே கூர்மையாகக் கேட்கிறது என்பதைப் பிடிக்க வேண்டும். முதலில் நல்ல நிலையில் உள்ள ஒரு பாகத்தில் வைத்துக் காதைப் பழக்கிக்கொண்டு பிறகு சந்தேகமான இடத்துக்குப் போவது என் வழக்கம். இறப்பர் குழாய், எதையும் தொடாமல் காற்றின் வழி வரும் சத்தத்துக்கு உரியது; தகரத் தகடு ஒன்று எங்காவது உராய்கிறதென்றால் கோலைவிடக் குழாய் விரைவில் காட்டும்.

பின்பக்கம், கியர் பொக்ஸ் சேரும் இடத்தில் கூர்மையாகக் கேட்டால் ஸ்டாட்டரைக் கழற்றிப் பாருங்கள். பழைய வகை ஸ்டாட்டரில் பற்சில்லு தானாகவே முன்னால் பாய்ந்து பிளைவீலின் பல்லில் கொளுவி, எஞ்சின் ஓடியதும் திரும்பி வர வேண்டும். உப்புக் காற்றில் அதன் தண்டு துருப்பிடித்தாலோ சுருள்வில் உடைந்தாலோ சில்லு முழுதாகத் திரும்பாமல் பல்லை உரசிக்கொண்டே இருக்கும். அந்தத் தண்டுக்கு ஒயிலோ கிறீஸோ போட வேண்டாம். கிளச்சின் தூள் அதில் ஒட்டிப் பசையாகி, மறுபடியும் சிக்கும். பெற்றோலால் கழுவி உலரவிட்டால் போதும். ஸ்டாட்டர் கழன்றிருக்கும்போதே, எஞ்சினைக் கையால் சுற்றி, துளை வழியாகப் பிளைவீலின் பற்களை முழு வட்டமும் பாருங்கள். நான்கு சிலிண்டர் எஞ்சின் பெரும்பாலும் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வந்து நிற்கும். அந்த இரண்டு இடங்களிலும் பற்கள் கூடுதலாகத் தேய்ந்திருப்பதைக் காணலாம்.

முன்பக்கம், டைமிங் மூடியில் கூர்மையாகக் கேட்டால் செயின் தளர்ந்து மூடியின் உட்புறத்தை அராவுகிறது. மூடியைக் கழற்றாமலே இதை ஓரளவு அறியலாம். டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியை எடுத்து ரோட்டரைப் பார்த்தபடி, கிராங்கை ஸ்பனரால் ஒரு திசையில் சுற்றி நிறுத்தி, மெதுவாக எதிர்த்திசையில் திருப்புங்கள். கிராங்க் திரும்பத் தொடங்கியும் ரோட்டர் அசையாமல் நிற்கும் அளவுதான் இடையில் உள்ள மொத்தத் தளர்வு. டிஸ்ட்ரிபியூட்டரைக் கேம் தண்டு (வால்வுகளை இயக்கும் தண்டு) சுற்றுகிறது, கேம் தண்டைச் செயின் சுற்றுகிறது. அதனால் செயினின் தளர்வு ரோட்டரில் வெளிப்படுகிறது. தளர்வு பெரிதாக இருந்தால் செயினோடு அதன் இறுக்கியையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

வால்வுத் தட்டொலி அரைக்கும் சத்தம் அல்ல. இருந்தாலும் இடைவெளியை 0.015 அங்குலத்துக்குச் சரிசெய்துவிட்டுக் கேட்டால் மற்ற ஓசைகள் தெளிவாகும்.

9. ஒயிலை வடித்துப் பார்த்தல்

மேலுள்ள எதிலும் விடை கிடைக்கவில்லை, அல்லது அமுக்கமோ புல்லியின் ஆட்டமோ உள்ளே கைகாட்டுகிறது என்றால் இனி ஒயில்தான் சாட்சி. இளஞ்சூட்டில் வடியுங்கள். சம்பின் அடியில் படிந்த துகள்கள் ஒயிலோடு சேர்ந்து வருவது அப்போதுதான். பேசினைத் துடைத்துச் சுத்தமாக்கிக்கொள்வது சின்ன விடயம் போலத் தோன்றும். ஆனால் பழைய பேசினில் ஏற்கனவே கிடந்த இரும்புத் தூளைக் கண்டு எஞ்சினை இறக்கியவர்கள் இருக்கிறார்கள்.

வடித்த ஒயிலை வெயிலில் வைத்துப் பேசினை மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். காந்தத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி ஒயிலுக்குள் நடத்துங்கள். பையை உட்புறம் வெளிப்புறமாகத் திருப்பி எடுத்தால் ஒட்டிய துகள்கள் அப்படியே பைக்குள் வந்துவிடும். சாம்பல் நிறத்தில் மெல்லிய பசையாக ஒட்டுவது வழமையான தேய்மானம். நகத்தில் உறுத்தும் இரும்புச் சிம்புகள் வழமையானவை அல்ல. காந்தத்தில் ஒட்டாத செம்பு நிறத் தகடுகள் மினுங்கினால், பெயாரிங்கின் மேற்பூச்சுத் தேய்ந்து அடியிலுள்ள செம்பு அடுக்கு உரியத் தொடங்கிவிட்டது. வெள்ளி நிறத்தில் ஒட்டாமல் மினுங்குவது பெயாரிங்கின் மேற்பூச்சாகவோ பிஸ்டனின் அலுமினியமாகவோ இருக்கலாம்.

பில்டரையும் விரித்துப் பாருங்கள். தகர உறையுள்ள பில்டரை அறுப்பதற்கு இரும்பு வாளை எடுப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை; அறுக்கும்போது விழும் தூளையே பிறகு எஞ்சினின் துகள் என்று எண்ணிக்கொள்வார்கள். விளிம்பைத் தகரவெட்டியால் சுற்றி வெட்டி, உள்ளிருக்கும் தாளைப் பிளேட்டால் அறுத்து, ஒயிலைப் பிழிந்து, மடிப்பு மடிப்பாக விரியுங்கள். ஒயில் எஞ்சினுக்குள் போகுமுன் கடைசியாகக் கடந்த இடம் அந்தத் தாள். பேசினில் தெரியாதது அதில் தெரியும்.

10. சம்பைக் கழற்றும் முடிவு

செம்புத் தகடுகள் கண்டால், அல்லது புல்லி ஆடினால், சம்பைக் கழற்ற வேண்டும். எஞ்சின் வண்டியில் இருக்கும்போதே இதைச் செய்யலாம், ஆனால் முன் குறுக்குச் சட்டம் இடைஞ்சல் தரும். எஞ்சினைச் சற்று உயர்த்தினால் முன்பக்க ஆணிகள் எட்டும்.

ஒவ்வொரு பெயாரிங் மூடியையும் கழற்றுமுன் அதன் எண்ணையும் முன்பின் திசையையும் குறியிடுங்கள். மூடிகள் அந்தந்த இடத்தில் வைத்தே துளைக்கப்பட்டவை. இடம் மாறினால் வட்டம் கெடும். கிராங்கின் மேற்பரப்பில் நகத்தை ஓட்டுங்கள். நகம் சிக்கினால் கிராங்கை வெளியே எடுத்து 0.010, 0.020 அங்குலம் என்ற வரிசையில் கிரைண்ட் செய்ய வேண்டும், அந்த அளவுக்குரிய பெயாரிங்கையும் வாங்க வேண்டும். லேத்தில் அளந்து சொல்லுமுன் பெயாரிங்கை வாங்காதீர்கள். கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடினாலும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தாலும், தவறான அளவைத் திருப்பிக் கொடுப்பது எளிதல்ல. உங்கள் எஞ்சினில் மெயின் பெயாரிங் மூன்றா ஐந்தா என்பதையும் எண்ணிப் பாருங்கள். 1964இல் ஐந்து பெயாரிங் எஞ்சின் வந்தது, ஆனால் வண்டியின் ஆண்டும் எஞ்சினின் ஆண்டும் இங்கே அரிதாகவே பொருந்துகின்றன.

ஒயில் பம்பையும் திறந்து பாருங்கள். ஒயில் கூலரை மறக்க வேண்டாம், ஏனென்றால் உதிர்ந்த துகள்கள் அதன் நுண்குழாய்களில் தங்கிவிடும், எத்தனை முறை கழுவினாலும் முழுதாக வெளியேறாது. புதிய பெயாரிங் போட்ட எஞ்சின் ஆயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி அரைக்கத் தொடங்கினால், பழைய கூலரையே திரும்பப் பூட்டியிருக்கிறார்களா என்று நான் முதலில் கேட்பேன். அதை மாற்றுங்கள்; புதியது வரும் வரை வண்டியை நிறுத்தி வையுங்கள்.

11. வேலை முடிந்தபின் முதல் ஸ்டார்ட்

20டபிள்யூ-50 ஒயில் ஊற்றி, புதிய பில்டர் போட்டு, பிளக்குகளைக் கழற்றி வைத்தபடியே ஸ்டாட்டரால் எஞ்சினைச் சுற்றுங்கள். ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுற்ற வேண்டாம், ஸ்டாட்டர் சூடேறும். ஒயில் மானியின் முள் எழுந்த பிறகுதான் பிளக்கைப் பூட்ட வேண்டும். காய்ந்த பெயாரிங்கில் எஞ்சின் வெடித்து ஓடும் முதல் சில விநாடிகளே எல்லா உழைப்பையும் கெடுக்கப் போதுமானவை. எஞ்சின் ஓடியதும் 4ஆம் படியின் கிளச் சோதனையைச் செய்த அதே உதவியாளரை அழைத்து, ஐட்லிங்கில் ஒரு தடவை மெதுவாக மிதிக்கச் சொல்லிக் கேளுங்கள். 500 கிலோமீட்டர் ஓடியபின் இந்த ஒயிலையும் வடித்து, அதே வெள்ளைப் பேசினில், அதே காந்தத்தால் பாருங்கள்.